பெரிய வாத்தியாருக்கு ஒரு கைப்பிடி மண்

போன மாசம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகவேண்டி வந்தது. எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் தவறிட்டார். எண்பது வயசைத் தாண்டினவர், ரொம்ப நாளா படுக்கையில இருந்தவர். அதனால அழுகை ஒண்ணும் பெரிசா இல்லை. ஆனா கூட்டம் இருந்துச்சு. மீன் ஏலம் எடுக்கிறவர், ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஷேர் ஆட்டோ டிரைவர் ரெண்டு பேர், பேங்க்ல வேலை பார்க்கிற ஒருத்தன், நான். இதுல யாரும் அவருக்குச் சொந்தக்காரங்க கிடையாது. எல்லாரும் ஒரே மாநகராட்சிப் பள்ளியில் படிச்சவங்க. பள்ளிக்கூடத்தோட பேர் இங்க வேண்டாம்.

வரிசையா ஆளுக்கொரு கைப்பிடி மண்ணு போட்டுட்டு வெளியே வந்து டீக்கடையில நின்னோம். கிரேன் ஓட்டினவர் சொன்னார்: "இன்னா பண்ணாருன்னு கேட்டா சொல்லத் தெரியலப்பா. ஆனா அவரு இருந்த வரிக்கும் ஸ்கூலு ஸ்கூலா இருந்துச்சு."

அன்னைக்கு ராத்திரி தங்கச்சி போன் பண்ணினா. அவளும் இப்போ ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. ரெண்டே டீச்சர் இருக்கிற பள்ளிக்கூடம். அதுல ஒருத்தி இவ. தலைமை ஆசிரியர்களுக்கான பயிற்சியில ஒரு தாள் கொடுத்திருக்காங்களாம். 'உங்களுக்குத் தெரிந்த சிறந்த பள்ளித் தலைவர் ஒருவர் செய்த மாற்றங்களைப் பத்து வரிகளில் எழுதுக.' "நம்ம பெரிய வாத்தியாரைப் பத்தி எழுதலாம்னு பார்த்தேன்ண்ணா. என்ன மாத்தினாரு அவரு? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல. நீதான் என்னை விட மூணு வருஷம் கூட அவர்கிட்ட இருந்தே. எழுதிக் குடேன்."

எழுதலாம்னு உக்காந்தேன். நாலு வரிக்கு மேல போகலை. சரி, ஹெட்மாஸ்டர்னா யாரு, அந்த வேலை எப்போ வந்துச்சு, அவங்களால பள்ளிக்கூடம் மாறுமான்னு கொஞ்சம் பழைய கதைகளைத் தோண்டினேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இது. பத்து வரி கேட்டவளுக்கு இவ்வளவு நீளமா எழுதி வச்சிருக்கேன். பொறுத்துக்கோங்க :-)

முதல்ல எங்க பேட்டையைப் பத்தி ரெண்டு வார்த்தை. மூலையில இருந்த கொத்தளம், அதான் மூலக்கொத்தளம்னு பேர்க்காரணம் சொல்வாங்க. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைதர் அலிக்குப் பயந்து கம்பெனிக்காரன் கருப்பர் நகரத்தைச் சுத்திக் கட்டின மதில் இந்தப் பக்கமாத்தான் போச்சு. அதோட ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காங்கிற பேர்ல இன்னும் நிக்குது. வால்டாக்ஸ் ரோடுங்கிற பேரும் அந்த மதிலோட மிச்சம்தான். மதிலுக்கு உள்ளே வியாபாரம். வெளியே கூலிக்காரங்க, அப்புறம் ரயில், மில்லு, துறைமுகம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின ராயபுரம் நடக்கிற தூரம்தான். பின்னி மில் அந்தப் பக்கம் புளியந்தோப்பைத் தாண்டினா வந்துரும்.

இன்னொண்ணும் இருக்கு. எங்க வாத்தியாரைப் புதைச்ச அதே இடுகாட்டில்தான் நடராசனும் தாளமுத்துவும் இருக்காங்க. 1938-ல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமா வைக்க ஆணை போட்டுச்சு. அதை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் உயிரை விட்டாங்க. அந்த மறியல் பெரும்பாலும் நடந்த இடம் எது தெரியுமா? கவர்னர் மாளிகையோ கோட்டையோ இல்லை. சௌகார்பேட்டைப் பக்கம் இந்து தியாலாஜிகல் உயர்நிலைப் பள்ளி வாசல். ஆணை 1940 பிப்ரவரியில் வாபஸ் ஆச்சு. இதுல எனக்குத் தோணுறது ஒண்ணுதான். ஆணை போடுறவர் எங்கேயோ இருக்கார். எதிர்க்கிறவன் பள்ளிக்கூட வாசல்ல நிக்கிறான். ரெண்டுக்கும் நடுவுல கேட்டுக்கு உள்ளே மணி அடிச்சு வகுப்பு நடத்தவேண்டிய ஒருத்தர் இருக்கார் பாருங்க, அவர் பேரை எந்த வரலாறும் எழுதறதில்லை. ஹெட்மாஸ்டர் வேலையோட இலக்கணமே அதுதானோன்னு ஒரு சந்தேகம்.

சரி, பேர் எழுதப்பட்ட ஒருத்தரைப் பார்ப்போம். நம்ம ஊர்லயே இருந்தார்.

ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 1753-ல் பிறந்த ஒரு நாவிதரோட மகன். 1787-ல் கல்கத்தாவுக்குன்னு கிளம்பினவர் மெட்ராஸ்லயே தங்கிட்டார். பட்டாளங்களுக்குப் பாதிரியார் வேலை ஒண்ணு இல்ல, பலது கிடைச்சுது. எல்லாத்துக்கும் தனித்தனிச் சம்பளம். பெரும்பாலும் வேலை செய்யாமலே சம்பளம். ஊருக்குத் திரும்பும்போது நல்ல பணக்காரராத்தான் திரும்பினார்னு அவர் வாழ்க்கைக் கதைகளே சொல்லுது. ஆகவே மகான்னு எல்லாம் நினைச்சுக்க வேண்டாம்.

1789-ல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை ஆசிரமம் ஒண்ணைத் தொடங்கினாங்க. இப்போ எழும்பூர் ரயில் நிலையம் இருக்கிற இடத்தில் அப்போ ஒரு சின்னக் கோட்டை இருந்துச்சு, அங்கேதான். வெள்ளைக்கார சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், அப்பா செத்துப்போனதுகள், அப்பா கைவிட்டதுகள். பெல் அதுக்கு மேற்பார்வையாளர். இந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம்னுட்டார். (மத்த இடத்துலதான் வருதே!)

அங்கே ஆசிரியர்னு இருந்தவங்களுக்குச் சம்பளம் கம்மி. கத்துக்கொடுக்கிறதுல ஆர்வமும் இல்லை. பிள்ளைங்க எழுத்துக் கத்துக்கவே மாசக்கணக்கில் ஆகுது. ஒரு நாள் காலையில் பெல் குதிரைமேல போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் பாஷையில் மலபார்னா தமிழ்தான். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம்! பிள்ளைங்க தரையில உக்காந்து மணலைப் பரப்பி விரலால எழுத்துப் போட்டுக்கிட்டிருக்காங்க. குதிரையைத் திருப்பிக்கிட்டு வந்து, நாளையிலிருந்து நம்ம பிள்ளைங்களும் மணல்ல எழுதட்டும்னு சொல்லிட்டார்.

ஆசிரியர்கள் ஒத்துக்கலை. 'இதெல்லாம் நடக்காது சார்' அப்படின்னு கையை விரிச்சிட்டாங்க. (இந்த வசனம் 230 வருஷமா மாறவே இல்லை பாருங்க.) இங்கதான் அவர் செஞ்ச காரியம் முக்கியம். அவங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கலை. ஜான் ஃபிரிஸ்கென்னு ஒரு பையன், வயசு எட்டு, ஒரு சாதாரண சிப்பாயோட மகன். அவனைக் கூப்பிட்டுக் கடைசி வகுப்பை அவன்கிட்ட ஒப்படைச்சார். பையன் செஞ்சு காட்டினான். அப்புறம் அதே மாதிரி ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையன். தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அடி உதைக்குப் பதிலா ஒரு கறுப்புப் புத்தகம் வச்சார். யார் என்ன தப்பு பண்ணினாங்கன்னு அதுல எழுதி, வாரம் ஒரு தரம் எல்லார் முன்னாடியும் படிச்சு, பசங்களையே ஜூரியா உக்கார வச்சு விசாரிச்சார்.

இதுல 'புதுசு'ன்னு வெள்ளைக்காரன் சொல்லிக்கிட்ட பாதி விஷயம் நமக்குப் பழசு. மணல் நம்முடையது. பையன் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு நம்மகிட்ட ஒரு பேரே உண்டு: சட்டாம்பிள்ளை. அண்ணாவி சாப்பிடப் போனாலோ தூங்கிப்போனாலோ திண்ணையை நடத்துறவன் அவன்தான். ஆனா ஒண்ணு. நம்ம திண்ணையில கோதண்டம் போடுறதுன்னு பையனைக் கயித்துல தொங்கவிடுற தண்டனையும் இருந்துச்சு. அந்தத் திண்ணை எல்லாருக்கும் எட்டுற உயரத்திலும் இல்லை. மன்றோ 1822-ல் தொடங்கி எடுத்த கணக்குப்படி ராஜதானி முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் இதை எல்லாம் தூசி தட்டி எடுத்துப் போட்டப்போ, வெள்ளைக்காரன் வந்துதான் நாம எழுத்தறிஞ்சோம்கிற கதை உடைஞ்சது, உண்மைதான். ஆனா இந்தப் பக்கம் சேரிகளிலும் குப்பங்களிலும் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் திண்ணையில ஏறியிருப்பாங்கன்னு கேட்டா, சத்தமா பதில் சொல்ல முடியாது.

பெல் 1796-ல் ஊருக்குத் திரும்பினார். மறு வருஷமே லண்டன்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதோட நீண்ட தலைப்பில் ஒரு விஷயம் இருக்கு: ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளிக்கூடம் தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளும் முறை. எனக்கு இந்த இடத்துல கொஞ்சம் நேரம் ஓடலை. ஹெட்மாஸ்டர்ங்கிறவர் எல்லாத்தையும் தானே செய்யறவர் இல்லை, பள்ளிக்கூடம் தன்னைத்தானே நடத்திக்கிற மாதிரி ஆக்குறவர்னு அந்த ஆள் அப்பவே பிடிச்சிருக்கார்!

அப்புறம் நடந்ததுதான் கூத்து. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தர் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பள்ளியை 1798-ல் ஆரம்பிச்சார். யாரு முதல்லன்னு ரெண்டு பேருக்கும் குழாயடிச் சண்டை. சர்ச் பெல் பக்கம், மத்தவங்க லங்காஸ்டர் பக்கம். 1811-ல் நேஷனல் சொசைட்டி பிறந்தது, 'மெட்ராஸ் முறை'ப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பெருகிச்சு. பெல் 1832-ல் இறக்கும்போது உலகம் முழுக்க அது பன்னிரண்டாயிரம் பள்ளிகளைத் தொட்டதா அவரோட வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லுது. அவர் பிறந்த ஊர்ல அவர் பணத்தில் தொடங்கின பள்ளிக்கு இன்னைக்கும் பேர் 'மெட்ராஸ் காலேஜ்'. நம்ம ஊர் 1996-ல் சென்னை ஆனதுக்கு அப்புறமும் அங்கே மாறலை. மனுஷனை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் பண்ணினாங்க. அங்கே இருக்கிற நினைவுச் சின்னத்தில் அவர் பிள்ளைகளுக்கு நடுவுல இருக்கிற மாதிரி சிற்பம் செதுக்கியிருக்காங்க.

இவ்வளவு பரவினதுக்குக் காரணம் ஃபிரிஸ்கென் என்ன கத்துக்கிட்டாங்கிறது இல்லை. செலவு! ஒரே ஒரு வாத்தியாரை வச்சு நூத்துக்கணக்கான, ஏன் ஆயிரம் பிள்ளைகளைக்கூட மேய்க்கலாம்னு லங்காஸ்டர் மார்தட்டினார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க இதைவிட மலிவான வழி இல்லைன்னு பெரிய மனுஷங்க கை தட்டினாங்க. எழும்பூரில் ஒரு ஆள் தன் கண் முன்னாடி இருக்கிற இருநூறு பையன்களை ஒவ்வொருத்தனா தெரிஞ்சு வச்சுக்கிட்டுச் செஞ்சது, அங்கே பள்ளிக்கூடமா இல்லை தொழிற்சாலையான்னு தெரியாத ஒரு மிஷின் ஆயிருச்சு. ஆள் இல்லாம முறை மட்டும் கப்பல் ஏறினா என்ன ஆகும்னு பார்த்துக்கோங்க. 1846 வாக்கில் இங்கிலாந்து அரசாங்கமே இதைக் கைவிட்டு வேற ஏற்பாட்டுக்குப் போயிருச்சு.

நம்ம பக்கம் 1854-ல் உட் அறிக்கை வந்தது, மானியம் வந்தது. 1860களில் அந்த மானியத்தையும் பரீட்சை முடிவை வச்சுக் கொடுக்கிற முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பையனையும் வாசிக்கச் சொல்வார், தேறினவன் தலைக்கு இவ்வளவுன்னு காசு. என் கணிப்பில் 'பெரிய வாத்தியார்' கணக்குப்பிள்ளை ஆனது அங்கேதான். பதிவேடு சரியா இருந்தா பள்ளிக்கூடம் சரியா இருக்குங்கிற நம்பிக்கை அப்போ நட்ட செடி. இன்னும் காய்க்குது.

எங்க ஏரியாவுக்கு வேற ஒரு பிரச்சினை. பதிவேட்டில் பேர் இருக்கும், பையன் இருக்க மாட்டான். மில்லுக்குப் போயிருப்பான். பின்னி மில்லுக்காரங்களே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாங்க. பாதி நாள் தறிக்கூடம், பாதி நாள் பள்ளிக்கூடம்னு சட்டப்படி 'அரை நேர'ப் பையன்கள் அதுல இருந்தாங்க. அந்த அரை நாள் வகுப்பில் எத்தனை பேர் முழிச்சிருந்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

அதுக்கு விடை தேடினவர் ஹெட்மாஸ்டர் இல்லை. எங்க வடசென்னை ஆளு, பிட்டி தியாகராயர். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னைக்கும் அவர் பேர் சொல்லாம வழி சொல்ல முடியாது. அவர் மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ, 1920 செப்டம்பர் 16-ம் தேதி ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறதெல்லாம் ஏழைப் பிள்ளைங்க, பசியால வருகை குறையுது, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒரு அணாவுக்கு மிகாம சிற்றுண்டி கொடுக்கலாம். இந்தியாவுல மதிய உணவுக் கதை அங்கேதான் தொடங்குதுன்னு எல்லாரும் எழுதுவாங்க. அப்புறம் இன்னும் நாலு பள்ளிக்கு விரிச்சாங்க. அந்தப் பள்ளிகளில் 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆச்சு. 1925 ஏப்ரலில் தொடக்கக் கல்வி நிதியை இதுக்குச் செலவு பண்ணக்கூடாதுன்னு அரசாங்கம் நிறுத்திருச்சு. அந்த வருஷமே தியாகராயரும் போய்ச் சேர்ந்தார்.

811, 1,671. இந்த ரெண்டு எண்ணையும் நிறைய இடத்தில் பார்த்திருப்பீங்க. இதை முதல்ல கூட்டிப் போட்டது யாரா இருக்கும்? ஏதோ ஒரு வகுப்பறை மூலையில, வருகைப் பதிவேட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, 'இவன் இன்னைக்கு வந்திருக்கான்'னு ஒரு கோடு போட்ட தலைமை ஆசிரியர்கள்தானே? அடுத்த ஏப்ரலில் சோறு நின்னுபோச்சுன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னதும் அவங்கதான். ஒருத்தர் பேர்கூட எனக்குக் கிடைக்கலை.

காமராஜர் காலத்துக்கு வருவோம். இங்கே 'பள்ளிச் சீரமைப்பு'ன்னே ஒரு இயக்கம் நடந்தது. நெ.து. சுந்தரவடிவேலு அப்போ கல்வித் துறை இயக்குநர். 1956-ல் மதிய உணவு, 1958-ல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. பள்ளிக்கு என்ன வேணும்னு ஒரு பட்டியல் போடுறது: கரும்பலகை, பெஞ்சு, கூரை, குடிக்கத் தண்ணிப் பானை, பிள்ளைங்களுக்குச் சட்டை. அதை ஊரைக் கூட்டி வச்சுப் படிக்கிறது. யார் எதைத் தர்றீங்கன்னு கேக்கிறது. மேடையில் முதலமைச்சரும் இயக்குநரும் உக்காந்திருப்பாங்க. ஆனா அந்தப் பட்டியலை எழுதினவர், மாநாட்டுக்கு முன்னாடி வீடு வீடாப் போய் 'ஐயா, ஒரு பெஞ்சு'ன்னு நின்னவர் அந்த ஊர் ஹெட்மாஸ்டர். மதிய உணவுக்குச் செலவில் பத்துக்கு ஆறு பங்கு அரசு, நாலு பங்கு ஊர். அந்த நாலு பங்கைத் திரட்டினதும் பெரும்பாலும் அவரே. சோறு வடிக்கிறதையும் அவரே பார்த்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தப்போதான் அதுக்குன்னு தனி அமைப்பாளர், சமையலர்னு ஆள் போட்டாங்க. ஜூலையில் கிராமங்களுக்கு, செப்டம்பரில் நகரங்களுக்கு.

அந்த செப்டம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கொசுவத்தி சுத்துறேன், கொஞ்சம் பொறுங்க.

எங்க ஹெட்மாஸ்டர் அதுக்கு மறு வருஷம்தான் வந்தார். வந்த முதல் வாரம் அவர் எதையும் மாத்தலை. சத்துணவு தட்டை ஒண்ணு எடுத்துக்கிட்டு எங்களோட தரையில உக்காந்து சாப்பிட்டார். அவ்வளவுதான். புழு இருக்குன்னு நாங்க மாசக்கணக்கா சொன்ன அரிசி, அவர் தட்டுல ஒரு நாள் இருந்தப்புறம் மறு நாள்லேர்ந்து நல்லா புடைச்சு வந்துச்சு.

ரெண்டாவது, சைக்கிள். மீன் நிறைய படுற நாள்ல எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இருக்க மாட்டாங்க. காசிமேட்டுல ஐஸ் கூடை தூக்க, இறால் பிரிக்கப் போயிருவாங்க. காலையில ஆறு மணிக்கு அவர் அங்கே சைக்கிள்ல வந்து நிப்பார். திட்ட மாட்டார். 'எத்தனை மணிக்கு முடியும்?' அப்படின்னு மட்டும் கேப்பார். பத்து மணின்னு சொன்னா, பத்தரைக்கு ஸ்கூல்ல இருக்கணும், வாசல்ல நிக்க வைக்க மாட்டேன்னு வாக்கு கொடுப்பார். லேட்டா வந்தா வெளியே நிறுத்துறது எல்லா ஸ்கூல்லயும் இருந்த பழக்கம். எங்க ஸ்கூல்ல மட்டும் மீன் நாத்தத்தோட பத்தரைக்கு உள்ளே போகலாம். பதிவேட்டில் அவர் என்ன எழுதினார்னு எனக்குத் தெரியாது. விதிப்படி எழுதியிருக்க வாய்ப்பில்லை.

மூணாவது, நான். ஏழாவது படிக்கும்போது டீச்சர் பத்தாம ரெண்டாம் கிளாஸுக்கு ஆளே இல்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் என்னையும் இன்னொருத்தனையும் அங்கே அனுப்புவார். சாக்பீஸ் இல்லைன்னா கைப்பந்து கோர்ட் மணல்ல எழுதிக் காட்டுவோம். சட்டாம்பிள்ளை! ஆண்ட்ரூ பெல்லை அவர் படிச்சிருப்பாரான்னு தெரியலை. ஆள் இல்லாத இடத்துல கை அதுவா மணலுக்குப் போகுமோ என்னவோ. என்னோட ரெண்டாவதுக்குப் பாடம் எடுத்தவன் இருக்கானே, கணக்குல புலி. எங்க ஹெட்மாஸ்டருக்கு மாத்தல் வந்தப்போ அவன் ஒன்பதாவதுக்குப் போகணும், வேற ஸ்கூல். அங்கே பத்தரைக்கு உள்ளே விடலை. நாலு தரம் வாசல்லேர்ந்து திரும்பினான். அஞ்சாவது தரம் போகலை. டீக்கடையில 'என்ன பண்ணாருன்னு சொல்லத் தெரியல'ன்னு சொன்னார் பாருங்க ஒருத்தர், கிரேன் ஓட்டினவர், அவன்தான். கிரேன் ஓட்டுறதுக்கு முன்னாடி பல வருஷம் மூட்டைதான் தூக்கினான்.

ரொம்ப உயர்த்தியா எழுதிட்டேனோ? பிரம்பு எடுப்பார் அவர். முட்டிக்குக் கீழே வீங்கின ஞாபகம் இருக்கு. இந்த விஷயத்துல எழும்பூர் வெள்ளைக்காரர் எவ்வளவோ தேவலை. பொம்பளைப் பிள்ளைங்க ஏழாவதோட நின்னுபோனதைப் பத்தி அவர் எந்த வீட்டுக்கும் சைக்கிள்ல போனதா எனக்கு ஞாபகம் இல்லை. என் தங்கச்சி படிச்சது எங்க அம்மா பிடிவாதத்துல.

இப்போ தங்கச்சி கதை. கனடாக்காரர் கென்னத் லீத்வுட்டும் அவர் கூட்டாளிகளும் 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பள்ளிக்குள்ள இருக்கிற காரணங்களில் பிள்ளைங்க படிப்பைப் பாதிக்கிறதில் வகுப்பறையில் நடக்கிற கற்பித்தலுக்கு முதல் இடம், அதுக்கு அடுத்த இடம் பள்ளித் தலைமைக்குன்னு சொன்னாங்க. இதை வச்சுத்தான் உலகம் பூரா தலைமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நம்ம நாட்டிலும் 2012-ல் பள்ளித் தலைமைக்குன்னு ஒரு தேசிய மையம் வந்தது. தங்கச்சி கையில இருக்கிற அந்தத் தாள் அந்த வழியாத்தான் வந்திருக்கணும். நல்ல விஷயம்தான், கிண்டல் பண்ணலை.

ஆனா 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையைப் பாருங்க. தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல இருந்தாத்தான் தனியா ஒரு தலைமை ஆசிரியர் இருந்தாகணும். அதுக்குக் கீழேன்னா கட்டாயம் இல்லை. நம்ம மாநிலத்தில் ஈராசிரியர் பள்ளிக்கும் தலைமை ஆசிரியர் பதவி உண்டு, அந்தவரைக்கும் சந்தோஷம். ஆனா அந்தத் தலைமை ஆசிரியை ஒரே அறையில ரெண்டு மூணு வகுப்பை உக்கார வச்சுப் பாடமும் எடுக்கணும். முதல் இடத்துல இருக்கிற வேலையும் இவளுதே, ரெண்டாவது இடத்துல இருக்கிற வேலையும் இவளுதே. நடுவுல செல்போன்ல வருகை ஏத்தணும், காலை உணவு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு சொல்லணும், மேலாண்மைக் குழு கூட்டம் போடணும், கேக்கிற புள்ளிவிவரம் அனுப்பணும். காலை உணவு நல்லாவே நடக்குதாம். 2022-ல் மதுரையில் தொடங்கினது. 'பசியில மயங்கி விழுற பிள்ளையே இப்ப கிடையாதுண்ணா'ன்னு அவளே சொன்னா. 1925-ல் நிறுத்தினவன் வந்து பார்க்கணும்.

எந்த எண்ணை வேணும்னாலும் கேளுண்ணா, ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துருவேன், ஒரு பையன் ஏன் மூணு நாளா வரலைன்னு அவன் வீட்டுக்குப் போய்க் கேக்கத்தான் நேரம் இல்லைன்னா. போறப்போ ஸ்கூலை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? இருக்கிறதே இன்னொரு டீச்சர். அவங்க லீவு போட்டா அன்னைக்கு முழுப் பள்ளிக்கூடமும் இவ தலையில.

நான் மேலே எழுதினதை எல்லாம் அவளுக்குப் போன்லயே படிச்சுக் காட்டினேன். பெல், லங்காஸ்டர், 811, 1,671 எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. "இதெல்லாம் அந்தத் தாள்ல எழுத இடம் கிடையாதுண்ணா"ன்னு சிரிச்சா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. "அந்தக் கிரேன் அண்ணன் நம்பர் இருக்கா?"ன்னு கேட்டா. எதுக்குன்னு கேட்டேன். அவ ஸ்கூல்ல மூணாவது படிக்கிற பையன் ஒருத்தன் திங்கக்கிழமைலேர்ந்து வரலையாம். வீடு இவர் இருக்கிற தெருதானாம். இவளால போக முடியலை, அவர் சாயங்காலம் எட்டிப் பார்த்துச் சொல்வாரான்னு.

நம்பர் கொடுத்தேன். மறு நாள் அந்தத் தாளை வாட்ஸப்ல அனுப்பியிருந்தா. 'காலை ஆறு மணிக்குக் காசிமேட்டில் இருப்பார். பத்தரைக்கு உள்ளே விடுவார்' அப்படின்னு ஒண்ணரை வரி. மிச்சம் எட்டரை வரியை அப்படியே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தா.

பையன் புதன்கிழமை வந்துட்டானாம். பாட்டிக்கு உடம்பு சரியில்லையாம்.